பட்டாவை பேங்கில் கொடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழோடு வந்த வெளிநாட்டுக் கல்வி இணைப்பை எங்கள் வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். டேட்டா சயின்ஸ் இருந்தது, நர்சிங் இருந்தது, ஹோட்டல் நிர்வாகம்கூட இருந்தது. சட்டம் எங்கே என்று தேடினால் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் நாலு வரி. கார்ப்பரேட் சட்டம் படித்தால் நல்ல சம்பளம், மனித உரிமைச் சட்டம் போன்றவற்றுக்கு வேலைவாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். பொய் என்று சொல்ல வரவில்லை. நான் அதே மனித உரிமைச் சட்டத்தை இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து தருமபுரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன், பேங்க் லோனில் இன்னும் 22 தவணை பாக்கி இருக்கிறது. ஆனாலும் நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது, அதுவும் நம் மாவட்டத்துக்கு.

இதை எழுத உட்கார்ந்ததற்கு உங்கள் இணைப்பு மட்டும் காரணமில்லை. இரண்டு வாரம் முன்பு பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்திருந்தாள். பி.எல். கடைசி வருடம். அப்பாவுக்கு மாங்காய் வியாபாரம், கொஞ்சம் நிலம் உண்டு. மஞ்சப்பையில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்து வந்திருந்தார். வெளிநாட்டுக்கு அனுப்பும் கன்சல்டன்சி ஒன்று, இங்கிலாந்தில் மனித உரிமைச் சட்டத்தில் எல்.எல்.எம். என்ற முதுநிலைப் பட்டம் படித்தால் ஐ.நா.வில் வேலை உறுதி என்று சொல்லி, பத்தாயிரம் முன்பணமும் வாங்கிவிட்டதாம். பெண் கனவோடு இருக்கிறாள். அப்பாதான் மெதுவாகக் கேட்டார்: "நீங்களும் அதத்தான படிச்சீங்க, இங்கதான இருக்கீங்க?"

சிரித்துவிட்டேன். அப்புறம் அந்தக் கேள்வியே போதும் என்று தோன்றியது.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தாலும் அதற்குச் சம்பளம் கிடையாது. மனித உரிமை அலுவலகம் இருப்பது ஜெனீவாவில், அந்த ஊரில் ஒரு அறை வாடகைக்கு எடுக்கிற காசில் தருமபுரியில் ஒரு வீடே எடுக்கலாம். என்னோடு படித்தவர்களில் எனக்குத் தெரிந்து ஐ.நா.வுக்குப் போனது ஒரே ஒருத்தி, கென்யாக்காரி, அவள் படிக்க வரும் முன்பே அகதி முகாமில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். பட்டம் அவளுக்கு வேலை வாங்கித் தரவில்லை, இருந்த அனுபவத்துக்கு ஒரு முத்திரை குத்திக் கொடுத்தது. எல்.எல்.எம். முடித்தால் அங்கேயே வக்கீலாகிவிடலாம் என்றும் ஏஜென்ட்கள் சொல்கிறார்கள். ஆக முடியாது, அதற்குத் தனித் தேர்வு, தனிச் செலவு. படித்து முடித்தபின் தங்கும் விசா இப்போது இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம் ஆகிறது.

இவ்வளவு சொன்னபிறகு அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அப்படியானால் நீங்கள் ஏன் போனீர்கள் மேடம் என்றாள். அதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது.

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். என் முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கும், எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு இருக்கும். காரணம் போர்வெல் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு உப்பு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம், பெரியவர்களில் முதுகு நிமிர்த்த முடியாதவர்களும் உண்டு. ஜப்பான் நாட்டுக் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது நல்ல காரியம்தான். ஆனால் நான் சின்ன வயதில் வாய்விட்டுச் சிரிக்க மாட்டேன், போட்டோ எடுக்கும்போது உதட்டை மூடிக்கொள்வேன், அதெல்லாம் தலையெழுத்து என்றே நினைத்திருந்தேன்.

இங்கிலாந்து போன முதல் பருவத்தில் ஒரு வகுப்பு, ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கை பற்றி. 1966-ல் எழுதிய அந்த உடன்படிக்கையில் இந்தியா 1979 ஏப்ரலில் சேர்ந்தது. அதில் தண்ணீர் என்ற சொல்லே கிடையாது. வாழ்க்கைத்தரம், உடல்நலம் என்ற இரண்டு பிரிவுகளுக்குள்ளிருந்து தண்ணீருக்கான உரிமையை 2002-ல் அதைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு ஒரு விளக்கவுரை மூலம் வெளியே எடுத்துக் காட்டியது. 2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானமே போட்டது. தண்ணீர் போதுமான அளவு இருந்தால் மட்டும் போதாது, பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டும், கைக்கு எட்டுகிற விலையிலும் தூரத்திலும் இருக்க வேண்டும் என்று வரி வரியாக இருக்கிறது அந்த விளக்கவுரையில். படித்துக்கொண்டிருந்தபோதே நாக்கு தானாகப் பல்லைத் தடவியது. தலையெழுத்து என்று நினைத்ததற்கு ஒரு பிரிவு எண் இருக்கிறது, பொறுப்பாளி இருக்கிறார் என்று தெரிகிற நேரம் இருக்கிறதே, அதை எந்த ஏஜென்ட்டும் விற்க முடியாது. என் ஆய்வுக்கட்டுரையே அதைப் பற்றித்தான் எழுதினேன்.

இன்னொன்று வாச்சாத்தி. நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனால் இருபது வயதில் இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அரூர் வட்டத்திலுள்ள அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் போய்ச் செய்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்தே போயிருந்தார்கள், மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நான் அப்போது பி.எல். மாணவி.

சித்திரவதை பற்றிய வகுப்பில் இதைச் சொன்னேன். அறையில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பாடத்தில் இருந்த வழக்குகளில் பெரும்பாலானவை ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்புகள். பேராசிரியர் கேட்டார், அந்தப் பெண்கள் உள்நாட்டில் தோற்றிருந்தால் அடுத்து எங்கே போயிருக்க முடியும் என்று. யோசித்துப் பார்த்தால் எங்கேயும் இல்லை. ஐரோப்பாவுக்கு நீதிமன்றம் இருக்கிறது, அமெரிக்கக் கண்டத்துக்கு இருக்கிறது, ஆப்பிரிக்காவுக்கு இருக்கிறது, ஆசியாவுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஐ.நா. குழுக்களிடம் தனிநபர் புகார் கொடுக்கும் வழியை இந்தியா ஏற்கவே இல்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்துப் போட்டோம், இன்றுவரை உறுதி செய்யவில்லை. ஆக, வாச்சாத்தி வழக்கை ஜெயித்தது பன்னாட்டுச் சட்டம் இல்லை. அந்தப் பெண்களின் பிடிவாதமும், மலைவாழ் மக்கள் சங்கமும், அவர்களுக்குப் பின்னால் நின்ற கட்சிக்காரர்களும், ஊர் வக்கீல்களும், இங்கே இருந்த கோர்ட்டும்தான். 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னபோது, அரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் அந்தச் செய்தியைப் படித்தேன். 31 வருடம்.

அப்படியானால் படித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். கோர்ட்டில் என் சீனியரும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் நக்கலாக. ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு செங்கல் சூளையில் மூன்று குடும்பங்கள். முன்பணம் வாங்கியிருந்தார்கள், கழிக்கக் கழிக்கத் தீராத முன்பணம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, விடுவிப்புச் சான்று கேட்டு மனு போட்டோம். விசாரித்த அதிகாரி, "யாரும் கட்டிப்போடலையேம்மா, பூட்டு எங்க இருக்கு?" என்றார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29-ஆம் எண் உடன்படிக்கை 1930-ல் எழுதியது, நாம் 1954-ல் ஏற்றது. அதில் கட்டாய உழைப்புக்குப் பூட்டு தேவையில்லை. ஏதாவது ஒரு தண்டனைக்கான அச்சுறுத்தலும், தானாக முன்வராமையும் இருந்தால் போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று நம் உச்ச நீதிமன்றமே 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனுவை அந்த வரிசையில் திருப்பி எழுதினோம்: எந்தத் தேதியில் எவ்வளவு முன்பணம், ஊருக்குப் போகிறேன் என்றபோது என்ன மிரட்டல், யார் பிள்ளையைப் பிணையாக வைத்துக்கொண்டார்கள், ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி. அதே அதிகாரிதான், இரண்டாவது முறை பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சான்று வந்தது. சட்டம் இங்கேயே இருந்தது, அதற்குள் என்ன தேட வேண்டும் என்பதைத்தான் நான் அங்கே கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று, வக்கீல்களே பலர் கவனிப்பதில்லை. 1993-ஆம் வருட மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் மனித உரிமை என்பதற்கான விளக்கத்திலேயே பன்னாட்டு உடன்படிக்கைகள் வருகின்றன, 30-ஆம் பிரிவு மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டை மனித உரிமை கோர்ட்டாக அறிவிக்க வழி செய்கிறது. விசாகா வழக்கில் 1997-ல் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை வைத்துத்தான். கதவு இருக்கிறது, தட்டுவதற்கு ஆள் குறைவு. டெல்லியிலும் சென்னையிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்து நம் ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதுகிறார்கள், எழுதட்டும், நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ ஒரு பிள்ளை போய்ப் படித்துவிட்டு வந்தால் அது வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தப் பெண்ணைப் போகாதே என்று சொல்லவில்லை, இந்தப் பட்டாவை வைத்துப் போகாதே என்றுதான் சொன்னேன்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் உங்கள் இணைப்பில் இருந்திருக்க வேண்டியது. இங்கிலாந்தில் ஒரு வருட எல்.எல்.எம். கட்டணம் பல இடங்களில் 20,000 பவுண்டைச் சுற்றி இருக்கிறது, அதாவது 20 லட்சம் ரூபாய்க்கு மேல். விசாவுக்கு அது போக லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,100 பவுண்டுக்கு மேல் ஒன்பது மாதச் செலவுக்குக் கையிருப்பு காட்ட வேண்டும், அந்தப் பணம் 28 நாள் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா என்று எல்லோரிடமும் கைமாற்று வாங்கிப் போட்டு, 25-ஆம் நாள் ஒருவர் அவசரம் என்று எடுத்துக்கொண்டதால் விசா மறுக்கப்பட்ட கதை எனக்குத் தெரியும். மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு தனி. டிபி பரிசோதனை தனி. பேங்கில் நாலு லட்சம் வரை அடமானம் வேண்டாம், ஏழரை லட்சம் வரை ஜாமீன்தாரர் போதும், அதற்கு மேலே போனால் சொத்து கேட்பார்கள். என் அப்பாவின் புளியந்தோப்பு அப்படித்தான் போய் உட்கார்ந்தது. நான் போன முதல் பேங்கில் மேனேஜர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, இது படிச்சா எங்க வேலை என்றார், எம்.பி.ஏ. போட்டு வாங்க உடனே பண்ணிடலாம் என்றார். திரும்பி வந்து ஜூனியர் வக்கீலாக உட்கார்ந்தால் முதல் இரண்டு வருடம் வருவது பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், தவணை எங்கிருந்து கட்டுவது? நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்து, வார இறுதியில் போட்டித்தேர்வுக்காரர்களுக்கு அரசியலமைப்புச் சட்டம் வகுப்பெடுத்துக் கட்டினேன். புளியந்தோப்பு இன்னும் திரும்பவில்லை, அப்பா அதைப் பற்றிப் பேசவும் மாட்டார், அந்தப் பக்கமாக நடக்கவும் மாட்டார்.

உதவித்தொகை இருக்கிறது, எனக்குத் தெரிந்தபோதுதான் காலம் தாண்டிவிட்டது. பிரிட்டன் அரசின் செவனிங் முழுச் செலவையும் ஏற்கும். அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நிபந்தனை சுமையே இல்லை, எப்படியும் திரும்பி வரத்தானே போகிறோம். கல்லூரி முடித்த கையோடு போகாமல் இரண்டு வருடம் இங்கே கோர்ட்டுக்குப் போய் வழக்கு பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் மனித உரிமைச் சட்ட எல்.எல்.எம்.முக்குக் கட்டணச் சலுகை தருகிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு 36 லட்சம் வரை தருகிறது, இதை எங்கள் கோர்ட்டில் பத்துப் பேரிடம் கேட்டேன், இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஆதிதிராவிடர் போன்றோருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு, 125 இடம், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், வயது 35-க்குள். ஆனால் 2022 விதிகளில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு போன்ற தலைப்புகளுக்குக் கிடையாது. யோசித்துப் பாருங்கள். ஒரு ஆதிதிராவிடர் பிள்ளை தன் ஊரைப் பற்றி ஆய்வு செய்ய வெளிநாடு போக வேண்டுமென்றால் இந்தப் பணம் அதற்கு இல்லை. இதைப் பற்றி நீங்கள் ஒரு தலையங்கம் எழுதினால் தகும்.

இங்கிலாந்து மட்டும்தான் என்றும் இல்லை, அங்கே கமிஷன் கிடைப்பதால் ஏஜென்ட் அதை மட்டும் காட்டுகிறார். ஸ்வீடனில் லுண்ட், ராவுல் வாலன்பெர்க் மனித உரிமை நிறுவனம் இருக்கும் ஊர், அங்கே இரண்டு வருடப் படிப்பு. அயர்லாந்தில் கால்வே பல்கலைக்கழகம். நார்வே ஒரு காலத்தில் எல்லோருக்கும் இலவசம், 2023 முதல் நமக்குக் கட்டணம் போட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, எர்லாங்கனில் ஆங்கிலத்திலேயே மனித உரிமை முதுநிலைப் படிப்பு உண்டு. ஆனால் விசாவுக்கு வருடச் செலவு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். தொழிலை விட முடியாதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் பகுதிநேரப் படிப்பு, இரண்டு கோடையில் மட்டும் போய்த் தங்கினால் போதும், செலவுதான் கொஞ்சமில்லை. சட்டம் படிக்காத சமூகப்பணிக்காரர்களுக்கு எல்.எல்.எம். பல இடங்களில் கிடைக்காது, எம்.ஏ. மனித உரிமை என்று இருக்கும், அதில் சேரலாம்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பத்தாவது வரை தமிழ் வழி. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுத பெங்களூருக்கு இரண்டு முறை பஸ் ஏறினேன். முதல் முறை எழுத்துப் பகுதியில் தேறவில்லை. அங்கே போனபின் நான் எழுதிய முதல் கட்டுரைக்கு 52 மதிப்பெண், 50-தான் தேர்ச்சி. இங்கே கைடு பார்த்து மனப்பாடம் செய்து எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இது எங்கிருந்து வந்தது என்று அடிக்குறிப்பு போட வேண்டும் என்றபோது திணறியது. கடைசியில் ஆய்வுக்கட்டுரைக்கு 71 வந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் பெருமைதான்), பழகிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். பேராசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்கள் மட்டும் ஒரு வருட வெளிநாட்டு எல்.எல்.எம். இங்கே சமமாக ஏற்கப்படுமா என்பதைப் போகும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பாலக்கோட்டுப் பெண் போன வாரம் போன் செய்தாள். முன்பணம் திரும்பி வரவில்லையாம், நோட்டீஸ் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், முதல் வழக்காக அவளே எழுதட்டும். பட்டா பீரோவுக்குள் போய்விட்டதாக அவள் அப்பா பின்னாலிருந்து சொன்னது கேட்டது. டிசம்பரில் வக்கீலாகப் பதிவு முடித்துவிட்டு என்னிடம் ஜூனியராக வருகிறாள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கல்வி இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி, எந்த உதவித்தொகைக்கு எந்த மாதம் விண்ணப்பம், என்ன சான்றிதழ், எந்த அலுவலகத்தில் வாங்குவது என்பதை மட்டும் போடுங்கள். தருமபுரி அரசு சட்டக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்ட நான் பொறுப்பு, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் பார் அசோசியேஷன் அறைகளிலும் ஒட்டச் சொல்கிறேன். செவனிங் விண்ணப்பம் ஆகஸ்ட்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடும், அதனால் ஜூலைக்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
தருமபுரி.
(பெயர் வேண்டாம், அப்பா நாளிதழ் படிப்பவர்.)